மாமாவின் இடுப்பளவு

"நான் மெலிஞ்ச ஆள்தானே, எனக்கு எப்படிச் சீனி வருத்தம் வந்தது?" என்று கிளினிக்கிலிருந்து திரும்பிய மாமா என்னிடம் கேட்டார். கல்லடியில் அவருடைய வீட்டு விறாந்தையில், மாமி தையல் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த அளவு நாடாவை, சாரன் கட்டைச் சற்று இறக்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி, அவர் மூச்சை வெளியே விட்டதும் பார்த்தேன். 96 சென்ரிமீற்றர். எடை 64 கிலோதான். கைகால்கள் இன்றும் மெலிவுதான். தென்னாசியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரை எட்டினாலே கவனம் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வயிற்றுக் கொழுப்பை மீந்த உணவின் களஞ்சியமாகவே நெடுங்காலம் கருதினார்கள். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வுக்குழு கொழுப்பில் சுரக்கும் லெப்டினைக் கண்டறிந்த பின்னர், கொழுப்பிழையம் ஓமோன் சுரக்கும் உறுப்பும்தான் என்பது உறுதியானது. உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மூளைக்கு அறிவிப்பது லெப்டினின் வேலை. கொழுப்புக் கூடக்கூட லெப்டினும் கூடுகிறது, ஆனால் மூளை அதற்குச் செவிசாய்ப்பது குறைந்துவிடுகிறது. அதே லெப்டின் நோயெதிர்ப்புக் கலங்களையும் தூண்டிவிடுவதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

கொழுப்புக் கலம் அளவுக்கு மீறி உப்பும்போது அதற்குப் போதிய ஒட்சிசன் கிடைப்பதில்லை. சில கலங்கள் இறக்கின்றன. அவற்றைத் துப்புரவாக்க வரும் மக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் இறந்த கலத்தைச் சூழ்ந்துகொண்டு, டீஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருட்களை வெளிவிடுகின்றன. காய்ச்சலோ வீக்கமோ நோவோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் இந்த அழற்சி, இரத்தத்துச் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினின் கட்டளை தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் போய்ச் சேராமல் இடைமறிக்கிறது. இன்சுலினுக்குத் துணைநின்று அழற்சியையும் அடக்கும் அடிபோனெக்டின் என்ற ஓமோன், கொழுப்பிலேயே சுரந்தாலும், தொப்பை பெருக்கப் பெருக்கக் குறைகிறது. மாமாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

"அப்ப அதை வெட்டி எடுத்தாற் சரிதானே?" என்றார் மாமா. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பருமன் உள்ள 15 பெண்களின் வயிற்றுத் தோலுக்குக் கீழிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தும், இன்சுலினின் செயற்பாடோ அழற்சிக் குறிகளோ சீராகவில்லை. குடலைச் சுற்றிய கொழுப்பு அப்படியே கிடந்தது. எஞ்சிய கலங்களும் உப்பிய நிலையிலேயே இருந்தன. அவை சுருங்க வேண்டுமானால், உள்ளே சேர்ந்ததை உடலே எரித்தாக வேண்டும்.