கல்லோடு மண்ணையும் எடுங்கள்

2012 டிசம்பர் கடைசியில் பொலன்னறுவை வானில் ஒரு தீப்பந்து தெரிந்தது. அங்கே பொறுக்கிய கற்களுக்குள் டயற்றம் இருப்பதாகவும், அது விண்ணிலிருந்து வந்த உயிரின் தடம் என்றும் இலங்கையில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்கவின் குழுவினர் 2013 ஜனவரியில் அறிவித்தார்கள். டயற்றம் நீரில் வாழும் நுண்பாசி. குளமும் வாய்க்காலும் நிறைந்த பொலன்னறுவையில் ஒரு பிடி மண்ணிலேயே அது கிடைக்கும். அந்தக் கற்கள் விண்கற்கள் என்பதையே பலர் ஏற்கவில்லை.

இலங்கையில் விண்ணுயிரியலுக்கு, அதாவது பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று ஆராயும் துறைக்கு, ஆள் சேர்ப்பவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தொலைநோக்கி பிறகு வரட்டும். மாதிரி எடுக்கத் தெரிந்தவர்கள் மாவட்டத்துக்கு இரண்டு பேர் போதும். பாடசாலை ஆசிரியர்கள் இதற்கு மிகப் பொருத்தம். நாடு சிறியது என்பதால் எந்த மூலையில் எடுத்ததும் ஒரே நாளில் ஐஸ் பெட்டியோடு ஆய்வுகூடம் போய்விடும். பெரிய நாடுகளுக்கு இந்த வசதி இல்லை.

கல் விழுந்தால் புதுக் கையுறை போட்டு, புது அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். பொலித்தீன் பையில் நேராகப் போட்டால் பிளாஸ்டிக்கின் சேர்மங்கள் கல்லில் ஏறிவிடும். காந்தம் வைத்துப் பார்க்கவே கூடாது. கல்லில் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடம் அழிந்துபோகும். கல்லுக்கு அடியிலிருந்த மண்ணையும் பக்கத்துக் கல் ஒன்றையும் தனித்தனியே எடுங்கள். கல்லிலும் மண்ணிலும் ஒரே டயற்றம் இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

வெந்நீரில் வாழும் நுண்ணுயிர்களைத் தேடத் திருகோணமலைப் பக்கம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகலாம். ஆனால் அங்கே சனங்கள் வாளியால் அள்ளிக் குளிப்பார்கள். ஆகவே அனுமதி வாங்கி, விடியுமுன்பே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் பற்றீரியாதான் கிடைக்கும். வெப்பநிலையையும் பிஎச்சையும் (அமில, கார அளவு) அங்கேயே அளந்துவிடுங்கள். காபனீரொட்சைட்டு வெளியேற வெளியேற பிஎச் ஏறும். நீரை, நுண்ணுயிர்களைப் பிடித்துவைக்கும் 0.22 மைக்ரோன் வடியில் செலுத்துங்கள். அதே இடத்தில், அதே வகை ஊசிக்குழாயால், முத்திரை உடைக்காத கிருமியற்ற நீரையும் இன்னொரு வடியில் செலுத்துங்கள். இந்த வெற்று மாதிரி இல்லாத முடிவை நான் நம்ப மாட்டேன். டிஎன்ஏ பிரிக்கும் கரைசல்களிலேயே பற்றீரியாவின் டிஎன்ஏ கொஞ்சம் இருக்கும். உயிர் குறைந்த மாதிரியில் அதுவே 'கண்டுபிடிப்பு' போலத் தோன்றும். 70% எதனோல் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏ அப்படியே கிடக்கும். கருவிகளை முதலில் பிளீச்சில் கழுவ வேண்டும்.

அம்பாந்தோட்டைப் பக்கம் உசங்கொடையில் சேர்ப்பன்டைன் பாறை உண்டு. அது உருவாகும்போது நீரிலிருந்து ஐதரசன் பிரியும். சனிக்கோளின் நிலாவான என்செலடசின் நீர்ப்பீச்சில் கசினி விண்கலம் ஐதரசனைக் கண்டதாக 2017இல் அறிவித்தபோது இந்த இரசாயனத் தாக்கத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் உசங்கொடையின் மேல்மண் வெகுவாகச் சிதைந்த, நிக்கல் மிகுந்த செம்மண். அதில் நிக்கலைத் தாங்கும் நுண்ணுயிர்களைத் தேடலாம். ஐதரசனை உண்பவை வேண்டுமானால் ஆழத்து நீர் வேண்டும். உசங்கொடை தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ஒவ்வொரு மாதிரியையும் மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று வேலைக்கு, ஒன்று இலக்கம் மட்டும் எழுதி வேறொரு பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று முத்திரையிட்டு உறைபெட்டிக்கு. தானாகப் பனி உருக்கும் உறைபெட்டி வேண்டாம். சுற்றுக்குச் சுற்று சூடேறி மாதிரியைக் கெடுக்கும். இலக்கத்தைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எதனோலில் கரைந்துவிடும்.