கதவுக்குப் பின்னால்

“தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா தம்பி?”

அண்ணன், அதாவது என்னோடு வேலை பார்க்கும் மூத்தவர், இப்படித்தான் கேட்டார், சுற்றி வளைக்காமல். தீயணைப்பு நிலையத்தில் ராத்திரி ஷிப்ட். மூச்சுக்கருவி சிலிண்டர்களின் அழுத்தத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு சிலிண்டருக்கும் ஒரே எண். மீட்டரைப் பார்க்காமலே எழுதியிருக்கிறேன் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். பதினாறு வருடத்தில் நான் அப்படிச் செய்ததே கிடையாது.

“ம்” என்றேன். அந்த ஒரு எழுத்தைச் சொல்ல எட்டு மாதம் ஆகியிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு வீட்டுத் தீ. புகைக்குள் முட்டிபோட்டு, சுவரைத் தடவிக்கொண்டே இரண்டு பேராக உள்ளே போனோம். ஓர் அறைக் கதவைத் தள்ளினேன்; முழுதாகத் திறக்கவில்லை. பீரோ முட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு, கிடைத்த இடைவெளியில் நுழைந்து கட்டிலின் மேலும் கீழும் தடவிவிட்டு வெளியே வந்தேன். அடுத்து உள்ளே போன அணி, அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரியவரைக் கண்டெடுத்தது. கதவுக்குப் பின்னால் கையை விட்டுப் பார் என்பது பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் பாடம்.

அப்புறம் வீட்டில் கதவுகளே பிரச்சினை ஆகிவிட்டன. துணி மூட்டை முட்டி ஒரு கதவு பாதியில் நின்றால் நானும் அங்கேயே நின்றுவிடுவேன், மனைவி வந்து மூட்டையை நகர்த்தும்வரை. தூக்கம் போயிற்று, தூங்குவதற்காகக் குடி வந்தது. குடித்தால் கண் அசரும், இரண்டு மணிக்கெல்லாம் விழிப்பு தட்டிவிடும். அதற்குமேல் விடியும்வரை ஒரே நினைப்புதான்: நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி.

நிலையத்தில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். தீ நடந்த இரண்டாம் நாள் எங்கள் எல்லோரையும் ஓர் அறையில் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை ஆளுக்கு ஐந்து நிமிடம் சொல்லச் சொன்னார்கள். நான் தண்ணீர் அழுத்தத்தைப் பற்றிச் சொன்னேன். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். முடிந்தது. இப்படிக் கட்டாயமாக ஒருமுறை பேசவைப்பது பிடிஎஸ்டியை, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலாகக்கூட முடியலாம் என்று ஆய்வுகள் சொல்வதெல்லாம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது, ‘எல்லோரும் சரியாகிவிட்டார்கள், நான் மட்டும்தான் இப்படி’.

அண்ணன் பியர் சப்போர்ட், அதாவது மனம் தளர்ந்த சக பணியாளருக்குத் துணை நிற்கும் பயிற்சி எடுத்தவர். அந்தப் பயிற்சியை நாங்கள் கேலி செய்திருக்கிறோம், நானும்தான். என் “ம்”முக்கு அவர் பதறவில்லை, புத்தி சொல்லவில்லை, பிள்ளைகள் முகத்தை நினைத்துப் பார் என்றும் சொல்லவில்லை. (அதைச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். பிள்ளைகளை நினைத்துத்தானே அந்த முடிவுக்கே வந்திருந்தேன்.) “எப்படி, எப்போன்னு யோசிச்சு வச்சிருக்கியா?” என்று கேட்டார். அன்று காலையே என்னோடு வீட்டுக்கு வந்து ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போனார். எது என்று எழுதப்போவதில்லை. இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. எனக்கு யாரோ கழுத்துப் பட்டனைத் தளர்த்திவிட்டது போலத்தான் இருந்தது.

மருத்துவரிடமும் அவர்தான் கூட வந்தார். பிஹெச்க்யூ-9 என்ற, மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்கும் கேள்வித் தாள். 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. ஒன்பதாவது கேள்விதான் செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. வருடாந்தர உடல் பரிசோதனையில் இதே தாளில் வரிசையாக 0 போட்டவன் நான். வண்டியை விட்டு இறக்கிவிடுவார்களே என்ற பயம். இந்த முறை உள்ளதைப் போட்டேன். கூட்டினால் 27க்கு 21.

ஒரே ஒரு தீயா இப்படிச் செய்யும் என்று கேட்டேன். ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை என்றார் மருத்துவர். வேலையில் திரும்பத் திரும்பக் கோரங்களைப் பார்ப்பதும் பிடிஎஸ்டிக்குக் காரணமாகலாம் என்று 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு சொல்கிறதாம். அதற்கு உதாரணமே மனித உடல் எச்சங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்கள்தான். எங்களைத்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டபோது அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

அன்றே ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினோம். ஒரே பக்கம், ஆறு கட்டம். முதல் கட்டம் எச்சரிக்கை அறிகுறிகள். மூச்சுக்கருவியில் காற்று குறைந்தால் விசில் அடிக்கும். அடித்தால் வெளியே வந்துவிட வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. என் விசில் எது என்று யோசித்து எழுதினேன்: ராத்திரி இரண்டு மணி. ‘இவர்களுக்கு நிம்மதி’ என்ற வார்த்தை. அடுத்தடுத்த கட்டங்களில் நானாகச் செய்யக்கூடியது, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர் மற்றும் உதவி எண், கடைசியாக வீட்டில் ஆபத்தானதை அப்புறப்படுத்துவது. உதவி கேட்கக்கூடியவர்கள் கட்டத்தில் மனைவி பெயரை எழுதக் கை வரவில்லை. மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். “கதவுகிட்ட நிக்கிறப்பவே தெரியும், எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல” என்றாள்.

மருத்துவர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரை உடனே வேலை செய்யாது. பலன் தெரியச் சில வாரம் ஆகும், குமட்டல் முதல் நாளே வந்துவிடும். பத்தாம் நாள் நிறுத்திவிடப் பார்த்தேன். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதே என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். குடியையும் மருத்துவரிடம் சொல்லித்தான் படிப்படியாக விட்டேன்.

சிகிச்சையாளரிடம் இடம் கிடைக்க ஏழு வாரம். அதுதான் கொடுமை. உயிரா இல்லையா என்று நிற்பவனை வரிசையில் நில் என்பது என்ன ஏற்பாடோ! அந்த ஏழு வாரமும் இரவு பத்து மணிக்கு அண்ணனிடமிருந்து போன் வரும். பெரும்பாலும் கிரிக்கெட்தான் பேசுவோம்.

சிகிச்சையில், கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தீயை இப்போதே நடப்பதுபோல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “கதவைத் தள்ளுகிறேன். திறக்கவில்லை.” அதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். முதல் வாரம் வாந்தி எடுத்தேன். ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, என் குரலையே கேட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. எங்கள் வண்டி வந்து நிற்கும் முன்பே புகையால் அவர் இறந்திருந்தார் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருந்ததை, ஒருமுறைகூட நான் கதையில் சேர்த்துச் சொல்லவில்லை. படித்திருந்தேன். தெரியும். ஆனாலும் சேர்க்கவில்லை.

மூன்று மாதம் ஸ்டோரில் வேலை, முணுமுணுப்புகள், அப்புறம் மறுபடி வண்டி. விரிவாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. திட்டத் தாள் மடித்தபடி லாக்கரில் இருக்கிறது. இரண்டு முறை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கதவு எங்கே முட்டினாலும் இப்போதும் பின்னால் கையை விட்டுப் பார்க்கிறேன், வீட்டிலும். அதையும் சரிசெய்யலாமா என்று கடைசி அமர்வில் சிகிச்சையாளர் கேட்டார். வேண்டாம், தேடுகிறவன் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.