குப்பியில் நேரம் இல்லை

மார்ச் 3
லேபுக்கு மறுபடியும் நேரம் எழுதாத சிறுநீர்க் குப்பி வந்திருக்கிறது. எடுத்த சிறுநீர் வெளியிலேயே 2 மணி நேரம் தாண்டிவிட்டால் உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்சக் கிருமியும் பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும். உடனே அனுப்ப முடியாதா, 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைக்கட்டும். 24 மணி நேரம் தாங்கும்.

மார்ச் 4
சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் நைட்ரைட் (கிருமியின் அடையாளம்) நெகட்டிவ், லியூக்கோசைட் (வெள்ளை அணு) 2+. எரிச்சலும் இருக்கிறது. நைட்ரைட் வரவில்லை என்று தொற்றைத் தள்ளிவிடவே கூடாது. கிருமி நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, சிறுநீர் பையில் 4 மணி நேரமாவது தங்க வேண்டும். அரைமணிக்கு ஒருதரம் போகிறவருக்கு எங்கே தங்கும்? என்டரோகாக்கஸ் வகைக் கிருமி என்றால் மாற்றவே மாற்றாது. வைட்டமின் சி மாத்திரையும் ஸ்ட்ரிப்பில் உள்ள கட்டத்தை நிறம் மாறவிடாது. லியூக்கோசைட் கட்டத்தை 2 நிமிடம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். 30 விநாடியில் பார்த்துவிட்டு நெகட்டிவ் என்று எழுதுகிறார்கள். ஸ்ட்ரிப் டப்பா மூடியும் திறந்தே கிடந்தது. காற்றுப்பட்டால் நைட்ரைட் கட்டம் தானாகவே இளஞ்சிவப்பாகும்.

மார்ச் 5
ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்த பிறகு எடுத்த குப்பி. வளர்ப்புத் தட்டில் எந்தக் கிருமியும் வளரவில்லை. இதை வைத்துத் தொற்று இல்லை என்று சொல்ல முடியாது.

மார்ச் 7
தட்டில் மூன்று வகைக் காலனி (கிருமிக் கூட்டம்). மைக்ரோஸ்கோப்பில் தோல் செல்கள் அப்பிக் கிடக்கின்றன. கலப்படம்தான், திரும்ப எடுக்க வேண்டும். கை கழுவி, பெண்கள் பிறப்புறுப்பின் இதழ்களை விலக்கிப் பிடித்து, ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் வருவதை விட்டுவிட்டு, போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் பிடிக்கணும். குப்பியின் விளிம்பு உடம்பில் படக் கூடாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. சொல்லாவிட்டால் இரண்டு நாள் போச்சு.

மார்ச் 9
விலாவில் திடீரென்று பிடிக்கும் வலிக்கு, கல்லைத் தேட, கான்ட்ராஸ்ட் (சாய மருந்து) இல்லாத சிடி ஸ்கேன். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட். ஆனால் சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயின் நடுவில் மாட்டிய கல் அதில் தப்பிவிடும். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் ஸ்கேன் நார்மல் என்று நிம்மதி அடையக் கூடாது, சிஸ்டோஸ்கோபி (பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது) பற்றிப் பேசியாக வேண்டும். சிறுநீர்த் தாரை மெலிந்தால் யூரோஃப்ளோ (போகும் வேகத்தை அளப்பது), அதுவும் 150 மில்லியாவது போனால்தான் வரைபடத்தை நம்பலாம். பையில் தங்கிய மிச்சத்தைப் போன கையோடு அளக்கணும். காக்க வைத்தால் புதிதாகச் சேர்ந்ததும் மிச்சத்தில் சேர்ந்துவிடும்.

பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) இப்போது வேண்டாம். தொற்று அதை ஏற்றிவிடும். 6 வாரம் போகட்டும்.

மார்ச் 10
திரும்ப எடுத்த குப்பி. எடுத்தது 6.40. வந்தது 7.15.

மார்ச் 11
ஒரே வகைக் காலனி. ஈ.கோலை கிருமி, மில்லிக்கு 1,00,000க்கு மேல். எந்த மருந்து கேட்கும் என்பது நாளைக்கு.