நாலாக மடித்த சீட்டு

நான் நர்ஸ். பெற்றோர் துணையில்லாத பிள்ளைகள் தங்கும் விடுதி ஒன்றில் வாரம் ஒருநாள் உடல்நல வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களுக்கு 15 முதல் 18 வயது. பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போட ஒரு அட்டைப்பெட்டி வைத்திருப்பேன். கேட்க ஒன்றுமில்லாதவர்களும் வெறும் தாளையாவது மடித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும்.

“முதல் தடவையே உண்டாகுமா?” “பீரியட்ஸ் நேரத்துல பயமில்லதானே?” இப்படித்தான் வரும். முதல் தடவையிலும் உண்டாகும் என்று சுற்றி வளைக்காமல் சொல்வேன். விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கலாம். அதனால் மாதவிடாய் நாட்களை நம்பி இருக்க முடியாது. இந்த வயதில் சுழற்சியும் பலருக்கு ஒழுங்காக வராது. வீட்டில் அம்மாவோ அக்காவோ இருந்தால் இதில் கொஞ்சமாவது காதில் விழுந்திருக்கும். இந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டாளிகள் சொன்னதுதான் பாடம்.

ஆரம்பத்தில் நானும் பயமுறுத்தித்தான் வகுப்பு எடுத்தேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 20 முதல் 24 வயதுப் பெண்களைவிட, பதின்வயதில் தாயாகிறவர்களுக்குப் பேறுகால வலிப்பும் பிரசவத்துக்குப் பிறகு வரும் கிருமித்தொற்றும் அதிகம். ஒருநாள் பெட்டியில் நாலாக மடித்த சீட்டு ஒன்று இருந்தது. “பாப்பா பொறந்தா அதை யாரும் என்கிட்டேர்ந்து கூட்டிட்டுப் போக மாட்டாங்கல்ல?” பென்சில் எழுத்து. ‘யாரும்’ என்ற சொல்லை மட்டும் அழித்து மறுபடி எழுதியதில் தாள் தேய்ந்திருந்தது.

அதை உரக்கப் படிக்க என்னால் முடியவில்லை. இடம் இடமாக மாற்றப்பட்டு வளர்ந்த பெண்ணுக்கு, குழந்தை என்றால் தனக்கே தனக்கென்று வரப்போகும் முதல் சொந்தம். அவளிடம் போய் வலிப்பு, தொற்று என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம்தான் 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் 57 பள்ளிகள். சில பள்ளிகளில் 13 முதல் 15 வயதுப் பெண்களிடம், ராத்திரியில் அழுது எழுப்பும் பொம்மைக் குழந்தையைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பிள்ளை வளர்ப்பதன் கஷ்டம் புரிந்தால் கர்ப்பம் குறையும் என்று கணக்கு. 20 வயது வரை தொடர்ந்து கவனித்ததில், பொம்மை வாங்கியவர்களில் 8 சதவீதம் பேர் குழந்தை பெற்றிருந்தார்கள். வாங்காதவர்களில் 4 சதவீதம். எனக்கு உடனே அந்தச் சீட்டுதான் ஞாபகம் வந்தது.

இப்போது வகுப்பில் பாதி நேரம் அவர்களைப் பேசவிடுகிறேன். 18 முடிந்து விடுதியை விட்டுப் போனால் யாரோடு இருப்பாய், உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவாய், குழந்தை வேண்டுமென்றால் எந்த வயதில்? பையன்களிடமும் இதே கேள்விகள்தான். உள்ளே இருக்கும் உறை கிழியாமல் காண்டம் பாக்கெட்டைத் திறப்பது எப்படி, தேதியை எங்கே பார்ப்பது என்று கையில் கொடுத்தே காட்டுகிறேன். வேறொரு விடுதியில் காண்டம் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்றார்கள். மறுத்தேன், வகுப்பு நின்றது. அங்கே உள்ள பிள்ளைகளை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

யாராவது வற்புறுத்தியிருந்தால் அதை மட்டும் என்னால் ரகசியமாக வைக்க முடியாது, காப்பாற்ற வேண்டியவர்களிடம் சொல்லியே ஆவேன் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ராத்திரி பத்தரைக்கு ஒரு பெண் போன் செய்தாள். இப்போது விடுதியை விட்டுப் போய்விட்டவள்.

“அக்கா, கர்ப்பம் ஆகாம இருக்க அவசர மாத்திரை, 72 மணி நேரம்னு சொன்னீங்கல்ல, அது எப்போலேர்ந்து கணக்கு?”

“உறவு நடந்த நேரத்திலேர்ந்து. ஆனா 72 ஆகட்டும்னு காத்திருக்காதே, எவ்வளவு சீக்கிரம் போடுறியோ அவ்வளவு நல்லது. யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?”

“இல்லக்கா. உறை கிழிஞ்சிருச்சு.”

“சரி. காலைல கடை திறந்ததும் நானும் வரேன், சேர்ந்து போகலாம்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: “எட்டு மணிக்கா, ஒன்பதுக்கா?”