வாழை நாரும் கணக்கு நோட்டும்

ஆகஸ்ட் 7, வியாழன்

பூக்கார அக்காவுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸிலிருந்து பூப்பெட்டியை இறக்கும்போது ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். எலும்பில் விரிசல், ஆறு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். நாளைக்கு வரலட்சுமி நோன்பு. அப்புறம் கடைசி ஆடி வெள்ளி, ஆவணி முகூர்த்தம், பிள்ளையார் சதுர்த்தி என்று மாதம் முழுக்க விசேஷம்.

கடலூர் திருப்பாப்புலியூர் சன்னிதித் தெருப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தக் கடை தெரிந்திருக்கும். ஒரு மரப்பலகை, மேலே தார்ப்பாய், ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர் வாளி, அவ்வளவுதான் கடை. அம்மா இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பூ அங்கேதான். எனக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிற வேலை. நாலு மணிக்கு மேல் கை சும்மாதான் இருக்கும். "கட்டு பிரிக்கிற வரைக்கும் சாயங்காலம் நான் வந்து உட்காரட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"பூக் கட்டத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"சரி, வா. கை பழகினா வரும்."

ஆகஸ்ட் 8, வெள்ளி

நோன்புக்காக இன்று காலையிலேயே போய்விட்டேன். தாழம்பூ கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். அம்மன் முகத்துக்குப் பின்னால் வைத்து அலங்கரிக்க மடல் மடலாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஓரத்து முள் என் விரலை இரண்டு இடத்தில் கிழித்துவிட்டது. அக்கா இடது கையாலேயே ஒரு மடலை முள் படாமல் உரித்துக் காட்டினார்: அடியிலிருந்து நுனிக்கு நீவ வேண்டும், எதிர்ப்பக்கம் போனால் முள் வாங்கும்.

இன்று நான் ஒரு முழம்கூடக் கட்டவில்லை. பொட்டலம் மடித்ததும் சில்லறை கொடுத்ததும்தான். 2019-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து அக்கா மறுபடி வாழை இலைக்கே மாறிவிட்டார். இலையில் மடித்த பூ மறுநாள் காலை வரை தாங்குகிறது, பையில் வைத்தால் வேர்த்துப் பழுத்துவிடுகிறது என்கிறார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூக் கட்டப் பழகினேன். நாரை முதலில் தண்ணீரில் நனைத்து, நகத்தால் மெல்லிசாகக் கிழித்துக்கொள்ள வேண்டும். இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு மொட்டு காம்பு உள்ளே பார்த்தபடி, அதன் எதிரில் இரண்டு மொட்டு. வலது கை நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் எடுத்து, அதைக் காம்புகளின் மேல் மாட்டி இழுக்க வேண்டும். ரொம்ப இழுத்தால் காம்பு நறுக்கென்று துண்டாகிவிடும். தளர விட்டால் தலையில் வைத்து நாலு அடி நடப்பதற்குள் உதிர்ந்துவிடும். அந்த இழுப்பின் அளவைச் சொல்லித்தர முடியாது போலிருக்கிறது. அக்காவால் கட்டிக்காட்ட முடியாததால், தன் இடது விரலை என் விரலின் மேல் வைத்து அழுத்திக் காட்டினார். ஒன்றரை மணி நேரத்தில் முக்கால் முழம் வந்தது.

நெருக்கக் கட்டுவது ஒரு வகை, எட்டக் கட்டுவது ஒரு வகை. எட்டக் கட்டினால் அதே பூவில் இன்னும் ரெண்டு முழம் கூட வரும். "நம்ம கடையில வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் இல்லாத நேரத்தில் கோயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எத்தனை முறை கேட்ட கதை, ஆனால் கையில் நாரை வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. திருப்பாப்புலியூர் என்று சுருக்கிச் சொல்கிறோமே, முழுப்பெயர் திருப்பாதிரிப்புலியூர். இந்த ஊரின் பேரிலேயே பூ இருக்கிறது. பாடலீஸ்வரருக்குத் தலமரம் பாதிரி. புலி என்பது புலிக்கால் முனிவர், வியாக்கிரபாதர். வண்டு வந்து மொய்ப்பதற்கு முன்பே பூப்பறித்துச் சிவனுக்குச் சாத்த வேண்டும் என்பது அவர் ஆசை. இருட்டிலே, பனியில் வழுக்குகிற மரத்தில் மனிதக் காலால் ஏற முடியவில்லை. அதனால் புலியின் காலையும் நகத்தையும் வரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வழிபட்டதால் புலியூர். சிதம்பரத்துக்கும் அதனால்தான் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். நல்ல பூ வேண்டும் என்பதற்காக உடம்பையே மாற்றிக்கொண்ட ஒருவரின் பெயரில் ஊர் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. அக்காவிடம் சொன்னேன். "மொட்டு எடுக்கற பொம்பளைங்க எல்லாரும் ராத்திரி மூணு மணிக்கு டார்ச் கட்டிக்கிட்டுத்தான் கொல்லையில நிக்கறாங்க" என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

வாடிக்கை வீடுகளுக்குப் பூக் கொண்டுபோகிற வேலையும் இன்றிலிருந்து எனக்கு. மொத்தம் முப்பத்தொரு வீடு. நாற்பது பக்க நோட்டு ஒன்று தந்தார். அதில் ஒருவர் பெயர்கூட இல்லை. "பச்சை கேட் – 1. கிணத்து வீடு – 1½, வெள்ளி 3. டியூஷன் டீச்சர் – ½. ரயில்வே ஐயா – 2." அடையாளங்களில் பாதி இப்போது இல்லை. பச்சை கேட் இப்போது கறுப்பு, கிணறு மூடிப் பதினைந்து வருஷம் இருக்கும். நோட்டில் மட்டும் மாறவில்லை.

பெரும்பாலான வீடுகளில் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, கேட் கம்பியில் செருகிவிட்டு வந்துவிடலாம். ரயில்வே ஐயா மட்டும் திண்ணையிலேயே காத்திருந்தார். எழுந்திருக்கவே சிரமப்படுகிறார், ஆனாலும் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார். "புதுசா இருக்கே, அந்தப் பொண்ணு எங்க?" என்றார். மணிக்கட்டு விஷயத்தைச் சொன்னதும், உள்ளே திரும்பி மனைவிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகத் திருப்பிச் சொன்னார். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஐயாவுக்கு இன்னும் அந்தப் பொண்ணுதான்.

திரும்பி வந்ததும் அக்கா ஒவ்வொரு வீடாக விசாரித்தார். நேற்றைய பூ எடுக்காமல் கம்பியிலேயே இருந்ததா? யார் வந்து வாங்கினார்கள்? வடக்குத் தெரு மாடி வீட்டு மருமகள் மல்லி வேண்டாம், கனகாம்பரம் மட்டும் போதும் என்றாள் என்று சொன்னேன். அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "வாசனை பிடிக்கல. நாள் தள்ளிப் போயிருக்கும். யார்கிட்டயும் சொல்லிடாத, அவங்களா சொல்லட்டும்."

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளியும் சுதந்திர தினமும் ஒரே நாளில். ஏழு மணிக்கு முன்பே பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பையன்கள் உதிரிப்பூ கேட்டு வந்தார்கள், கொடிக்குள் மடித்து வைக்க. நான் அள்ளிப் போடப் போனேன். அக்கா தடுத்தார். ரோஜா இதழில் ஈரம் இருந்தால் கொடித்துணியில் ஒட்டிக்கொள்ளும், கயிறை இழுக்கும்போது விழாது. முறத்தில் பரப்பி உதறி, ஈரம் போன பிறகுதான் கொடுத்தார். எட்டரைக்குப் பள்ளிக்கூடப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. "விழுந்துடுச்சு" என்றார் அக்கா.

அம்மன் கோயில்களுக்கு அரளிச் சரம் மட்டும் எத்தனை போயிற்று என்று எண்ண முடியவில்லை. இன்றைக்கு என் பங்கு ஆறு முழம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன்.

அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். முப்பது முப்பத்தைந்து வயதில் ஒருவர் வண்டியை நிறுத்தி, "பெரிய மாலையா ஒண்ணு வேணும்" என்றார். வெள்ளைச் சட்டை. நான் ஆவணி பிறந்த உற்சாகத்தில், "கல்யாணமா அண்ணா? சம்பங்கியில ரோஜா வச்சுக் கட்டித் தரவா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பாவுக்கு" என்றார்.

அதற்குள் அக்கா வந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே இருந்த சம்பங்கி மாலையை எடுத்து, தண்ணீர் தெளித்து, இலையில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். அவர் நீட்டிய பணத்தை எண்ணாமல் அப்படியே வாங்கி வைத்தார். போகும்போது போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. அவர் வண்டி திரும்பிய பிறகுதான், "ரயில்வே ஐயா மவன். மெட்ராஸ்ல வேலை" என்றார்.

புதன்கிழமை இரண்டு கையாலும் பூ வாங்கியவர். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அக்கா திட்டவில்லை. கடையைக் கட்டும்போது சொன்னார்: "மாலை வாங்க வந்தா அளவு மட்டும் கேளு. யாருக்குன்னு கேக்காத. சந்தோஷம்னா அவங்களே சொல்லிடுவாங்க." இன்னொன்றும் சொன்னார். எப்போதாவது ராத்திரி கடை கட்டும் நேரத்தில் ஒரு பாட்டியோ அத்தையோ தனியாக வந்து உதிரி மல்லி கேட்பார்களாம், கட்டினது வேண்டாம் என்பார்களாம். மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும். எந்த வீட்டில் பிள்ளை போயிற்றோ. அந்தப் பூவுக்கு அக்கா காசு வாங்குவதில்லை.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள் பற்றியும் இன்றுதான் வாய் திறந்தார். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்து கேட்டவர்களுக்கு மாலை கட்டக்கூட நேரமில்லை, கூடையோடு கொடுத்து அனுப்பினாராம். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் அங்கே கடலில் பாலும் பூவும் போடுகிறார்கள். அன்றைக்குத் தன் கூடையிலிருந்தும் கொஞ்சம் போய்விட வேண்டும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காவி கட்டிய ஒரு கூட்டம் வந்தது, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். 29-ஆம் தேதி கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நடக்கிறார்கள், சின்னத் தேரில் மாதாவை வைத்து இழுத்துக்கொண்டு. கூட வந்த சிறுவனின் கால் முழுக்கக் கொப்புளம். மாதாவுக்கு வாடிய மாலையை மாற்ற வேண்டும் என்றார்கள். நான் கட்டிய மல்லிச் சரம்தான் போயிற்று. நானும் கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாளைக்குச் சதுர்த்தி. எருக்கம்பூ கோத்துக் கோத்து விரலெல்லாம் பிசுபிசுப்பு. பால் கண்ணில் பட்டால் ஆபத்து, முகத்தைத் தொடாதே என்று அக்கா நூறு தடவை சொல்லியிருப்பார். கால்வாய் ஓரத்தில் சும்மா பூத்துக் கிடக்கிற பூ, வருஷத்தில் ஒருநாள் கடையில் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது.

ஓசூர்ப் பக்கத்துச் சாமந்தி இரண்டு நாளாக விலை ஏறிக்கொண்டே போகிறது. வாங்குகிறவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கோபப்படுகிறார்கள். ஒரு அம்மா, "இதுக்கு பிளாஸ்டிக் மாலையே வாங்கிடலாம், வருஷம் பூரா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். விலையைச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருஷம் பூரா இருக்கும் என்பதுதான் எனக்கு வருத்தம். வாடுகிறதனால்தான் தினமும் ஒருவர் அந்த வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது. நேற்றைய பூ கம்பியிலேயே தொங்குகிறது என்று பார்த்து, கதவைத் தட்டி, கீழே விழுந்து கிடந்த ஒரு பாட்டியை அக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

முகூர்த்த நாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, ஏழு ஜோடி மாலையோடு ஆட்டோவில் திருவந்திபுரம் போனேன். தேவநாத சுவாமி கோயிலில் ஆவணி முகூர்த்தத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஒரு ஜோடி எழுந்திருப்பதற்குள் அடுத்த ஜோடி உட்காரக் காத்திருக்கிறது. நாலு நாதஸ்வரம் ஒரே நேரத்தில் வேறு வேறு ராகத்தில். யார் மாப்பிள்ளை, யார் தோழன் என்று மாலையை வைத்துத்தான் தெரிகிறது.

ஒரு பெண்ணுக்கு மாலை நீளம் அதிகம், முட்டிக்குக் கீழே தட்டியது. அவள் அம்மா பதறினார். நான் கீழ்க்குஞ்சத்தை அவிழ்த்து, இரண்டு விரற்கடை குறைத்து, மறுபடி நாரால் இறுக்கிக் கொடுத்தேன். என் கை நடுங்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு இதைத்தான் முதலில் சொன்னேன்.

திரும்பும்போது கெடில ஆற்றுக் கரையோரம் காலையில் மாற்றிய மாலைகள் அதற்குள்ளாகவே குவிந்து கிடந்தன. பூ மக்கிவிடும். கூடவே சுற்றிய ஜிகினா நூலும் தெர்மாகோல் மணியும்? இனி அதெல்லாம் வைக்கச் சொல்லி யாராவது கேட்டால், வேண்டாம் என்று எடுத்துச் சொல்லலாம் என்று அக்காவிடம் பேசியிருக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ரயில்வே ஐயாவுக்கு இன்று பதினாறாம் நாள். இரண்டு வாரமாக அந்த வரிக்கு நேரே நோட்டில் ஒன்றும் குறிக்காமல் வைத்திருந்தோம். அந்த வரியை அடிக்க அக்காவுக்கும் மனசில்லை, எனக்கும் மனசில்லை. மத்தியானம் அவர் மகன் கடைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார். அன்று பேசினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அக்காவிடம் திரும்பி, "நாளைக்கு நான் கிளம்பறேன். கணக்கை அப்படியே விடுங்க. அதே ரெண்டு முழம்" என்றார்.

"அம்மாகிட்ட கேட்டீங்களா தம்பி?" என்றார் அக்கா.

"அம்மாதான் சொன்னாங்க."

சாயங்காலம் நானே எடுத்துப்போனேன். திண்ணை காலி. கம்பியில் செருகலாமா, கூப்பிடலாமா என்று நின்றேன். அந்த அம்மாவே கதவைத் திறந்து வந்து வாங்கிக்கொண்டார். அங்கேயே இலையைப் பிரித்து, சரத்தை விரலில் தொங்கவிட்டு, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை தடவிப் பார்த்தார். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இங்க தளர்ந்திருக்கு பாரு. நாளைக்கு நெருக்கமாக் கட்டு" என்றார்.