ஒன்பது பூமராங், ஒரு வளரியும் இல்லை

"உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்கும்" என்று மெல்பர்ன் கேம்பர்வெல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்த மூதாட்டி சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அவர் நீட்டியது ஒரு பழைய பூமராங். நான் காளையார்கோவில்காரன். மருது சகோதரர்களின் சமாதிப் பக்கம் சைக்கிள் விடப் பழகியவன். என்னிடமா?

"எங்களிடமும் உண்டு, வளரி என்போம்" என்றேன். யானை பறந்ததாகப் பேரன் சொன்னால் எப்படித் தலையாட்டுவோமோ, அப்படி ஆட்டினார். பதிலுக்குக் காட்ட என்னிடம் என்ன இருந்தது? வளரியை நானே தொட்டதில்லை. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி. ரோஷத்தில் 40 டாலர் கொடுத்து வாங்கிவிட்டேன்.

மறுவாரம் மைதானத்தில் எறிந்தேன். போனது போனதுதான். வேலியோரம் தேடிக்கொண்டிருந்தபோது, நாயோடு நடக்க வந்தவர் சிரித்தார். திரும்பி வருவது இலேசான வகையாம். என்னுடையது பாலைவனத்து வேட்டைத் தடி, அடித்த இடத்திலேயே விழ வேண்டியது. அங்கே இரண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாட்டுக்குத் தாளமும் போடுவார்களாம்.

அன்று பிடித்த பைத்தியம், இப்போது சுவரில் ஒன்பது தொங்குகின்றன. சிட்னி லா பெரூஸில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்தது ஒன்று. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துறைமுகப் பாலத்தைச் சுட்டு வரைந்திருக்கிறார்கள். ஒன்று போலி, இந்தோனேசியாவில் செய்தது. (இப்படிப்பட்டவற்றைப் பழங்குடியினர் கைவேலை போலக் காட்டி விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019இல் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள்.) வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒன்பதில் ஒழுங்காகத் திரும்பி வருவது அது ஒன்றுதான்.

ஆனால் கை போவதென்னவோ முதலில் வாங்கியதற்கே. மல்கா மரம். வேரும் தண்டும் சேரும் வளைவைப் பார்த்து வெட்டியது, வளைத்துச் செய்ததல்ல. மேலே நெடுக வாய்க்கால் போல் கோடுகள், அவற்றில் காவி. உள்மரம் கருஞ்சிவப்பு. மல்கா நம் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை என்று பிறகு தெரிந்தது. தூக்கிப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஊர் பழகிவிட்டது. ஜூனில் நடுங்குவதும் பொங்கலுக்கு வியர்ப்பதும்கூடப் பழகிவிட்டன. அந்தக் கருஞ்சிவப்பை விரலால் தடவும்போது மட்டும் கண்மாய்க்கரைப் புளியமரம் வந்துவிடுகிறது. கோணல் கருவேலங்கம்பை வீசிப் புளியம்பழம் அடிப்பேன். பழம் விழாது, கம்பு கிளையில் மாட்டிக்கொள்ளும். "பெரிய மருது என்று நினைப்போ?" என்பார் அப்பத்தா.

பெரிய மருது அல்ல அப்பத்தா, சின்ன மருது. 1795இல் மதுரையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷுக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கைதேர்ந்தவன் வீசினால் 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்று வெல்ஷே எழுதிவைத்திருக்கிறார். ஆறே ஆண்டில் அதே வெல்ஷ் அதே மருதுவை எதிர்த்துப் படையோடு வந்தார். மருதுவைத் தூக்கிலிட்ட பின் சிவகங்கைச் சீமையின் ஆயுதங்களையெல்லாம் பிடுங்கினார்கள். எறியக் கற்றுக்கொடுத்த கைக்குக் கிடைத்த குருதட்சிணை அது. என்னால் இன்றுவரை ஆற முடியவில்லை.

ஊரில் மச்சானிடம் ஒரு பழைய வளரி தேடச் சொன்னேன். "1801இல் வெள்ளைக்காரன் வாங்கிப் போனான் மாப்பிள்ளை, ரசீது தரவில்லை" என்றான்.

போன ஆயுத பூசையன்று குளித்துவிட்டு வந்து பார்த்தால், ஒன்பதுக்கும் சந்தனம், குங்குமம். பதறிவிட்டேன். பழைய காவி போய்விடும், விலை போய்விடும் என்று கத்தினேன்.

"ஆயுதம்தானே?" என்றாள் மனைவி, காருக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு போகிற போக்கில்.

எட்டைத் துடைத்துவிட்டேன். மல்காவின் கோடுகளில் இறங்கியது போகவில்லை. பழம்பொருள் வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டுப் பாதி விலைதான் தேறும் என்றார். விற்கிற எண்ணமில்லை, சும்மா கேட்டு வைத்தேன்.