பச்சை அட்டை மாட்டிய பிறகு

கப்பல் கட்டும் தளத்தில் சாரம் கட்டி முடித்ததும் மேற்பார்வையாளர் சுற்றிப் பார்த்துப் பச்சை அட்டை மாட்டுகிறார். ஏறலாம் என்று பொருள். ஆனால் அட்டை சொல்வது காலை நிலவரத்தை மட்டுமே. மதியத்துக்குள் வெல்டர், பைப் ஃபிட்டர், பெயின்டர் என்று எல்லோரும் அதில் கைவைத்திருப்பார்கள். நான் பார்த்த விபத்துகளில் கட்டிய குறையால் நேர்ந்தவை கொஞ்சம்தான். கட்டிய பிறகு யாரோ கழற்றியதால் நேர்ந்தவையே அதிகம்.

கழற்றுகிறவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. வளைந்த குழாய் ஒன்றை உள்ளே கொண்டுபோக வேண்டும், குறுக்கே இடைக்கம்பி நிற்கிறது, கையில் ஸ்பேனர் இருக்கிறது. “ஐந்து நிமிடம்தான் அண்ணே, உடனே மாட்டிவிடுகிறேன்” என்பார். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். அடுத்து ஏறி வருபவர் வேறு ஆள். ஒருமுறை சுக்கானுக்கு மேல்தட்டில் கைப்பிடிக் கம்பியை அசைத்துப் பார்த்தேன். ஒரு முனை கிளாம்பில் இருந்தது. மறுமுனையைக் கட்டுக்கம்பியால் சுற்றி வைத்திருந்தார்கள். கப்பலின் அடிப்பகுதிக்கு அடித்த சிவப்புப் பெயின்ட் தெறித்து, கட்டுக்கம்பியும் குழாயும் ஒரே நிறமாகிவிட்டிருந்தன. கீழே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

கட்டடச் சுவர் நேராக நிற்கும். கப்பலின் முன்பக்கமோ மேலே போகப் போக வெளியே விரியும், கீழே உள்வாங்கும். அதனால் பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தட்டுக்குத் தட்டு மாறும். எல்லோருடைய கண்ணும் வெளிப்பக்கக் கம்பியில்தான்; உள்பக்கமும் விழ இடம் உண்டு என்பது ஒரு கால் உள்ளே போன பிறகுதான் உறைக்கிறது. அமெரிக்கக் கப்பல் தள விதி, 5 அடி உயரத்தைத் தாண்டினாலே கைப்பிடிக் கம்பி வேண்டும் என்கிறது. அங்கே கட்டட வேலைக்குப் பொதுவான வரம்பு 10 அடி. தண்ணீருக்கு மேலே என்றால் உயரக் கணக்கே கிடையாது, எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் கம்பி வேண்டும். தண்ணீர்தானே, விழுந்தால் நீந்திக்கொள்ளலாம் என்று பேசுபவர்கள் காலில் பூட்ஸும் இடுப்பில் கருவிகளுமாக ஒருமுறை நீந்திப் பார்க்கலாம்.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது பிளாஸ்டிங் துகள். துருவை எடுக்க அழுத்தக் காற்றோடு தகட்டில் அடிக்கும் தாமிரக் கசடு (செம்பு உருக்கும்போது மிஞ்சும் கழிவின் மணல்) பலகையில் அப்படியே படிகிறது. ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் சேர்ந்தாலே ஏறக்குறைய ஓர் ஆளின் எடை. கப்பலின் டேங்குக்குள் கட்டிய சாரத்தில் தட்டுத் தட்டாக அது குவிந்து கிடக்கும்போது, அட்டையில் எழுதிய சுமை வரம்புக்கு அர்த்தமே இல்லை. துகளை வாருவது யார் வேலை என்று பெயின்ட் பிரிவும் சாரப் பிரிவும் வாதாடி முடிப்பதற்குள் அடுத்த ஷிஃப்ட் ஏறிவிடும்.

சாரக்காரரைத் தவிர வேறு யாரும் கிளாம்பைத் தொடக்கூடாது என்ற விதி எல்லாத் தளங்களிலும் எழுத்தில் இருக்கிறது. அது நடக்க வேண்டுமென்றால், கூப்பிட்டவுடன் வர ஒரு சாரக்காரர் அங்கே இருக்க வேண்டும். இரவு ஷிஃப்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஓரிடத்தில் போராடி இரண்டு பேரை இரவுக்கு வாங்கினோம். தானாகக் கழற்றும் பழக்கம் கண்கூடாகக் குறைந்தது. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவிலிருந்து கேள்வி வந்தது: இந்த இரண்டு பேரும் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாமே?